தாழ்த்திய பிக்கப் வண்டி ஏன் அதிர்கிறது?



பிக்கப் என்று நாம் அழைக்கும் சிறு சுமை வண்டியைப் பற்றி இன்று பேசப்போகிறோம். பேரா மாநிலத்தில் சுங்கை சிப்புட், ஈப்போ, கம்பார், தாப்பா, பீடோர், தெலுக் இந்தான் என்று எந்தப் பக்கம் போனாலும் இந்த வண்டியைக் காணலாம். ஒரு காலத்தில் தோட்டத்து லோரி செய்த வேலைகளை இன்று இந்த வண்டிதான் செய்கிறது. செம்பனைக் குலை ஏற்றுவதும், காய்கறியைச் சந்தைக்குக் கொண்டுபோவதும், புல் வெட்டும் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகக் குத்தகை வேலைக்குப் போவதும், திருவிழாக் காலத்தில் கோயிலுக்குப் பந்தல் சாமான் ஏற்றுவதும் இதுதான். தோட்டத்தை விட்டு வெளியேறித் தாமான் வீடுகளுக்குக் குடிவந்த பல குடும்பங்களுக்கு இந்த வண்டியே கைமுதல். மாதாமாதம் அதற்குத் தவணையும் கட்டியாக வேண்டும்.

இந்த வண்டியை இளைஞர்கள் சிலர் தாழ்த்துகிறார்கள். பின்பக்கம் தரையோடு தரையாக இருந்தால் பார்வைக்கு அழகு என்பது அவர்கள் எண்ணம். இந்த நாகரிகம் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் இரண்டாம் உலகப் போருக்குப் பின் வளர்ந்தது. முதலில் கார்களைத் தாழ்த்தினார்கள். பிறகு டொயோட்டா, டாட்சன் போன்ற ஜப்பானியச் சிறு பிக்கப் வண்டிகளையும் தாழ்த்தத் தொடங்கினார்கள். தாய்லாந்திலும் இது பெரிதும் பரவியிருக்கிறது. நம் நாட்டுக்கும் வந்துவிட்டது. அழகு வேண்டும் என்று ஆசைப்படுவதில் தவறில்லை. ஆனால் தாழ்த்திய மறுநாளே வண்டி உறுமத் தொடங்கும். புறப்படும்போது உடம்பெல்லாம் குலுங்கும். 80 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கைக்கு அடியில் வண்டு ரீங்காரம் செய்வதுபோல் ஓர் அதிர்வு வரும்.

அதன் பிறகு நடப்பதுதான் வேதனை. பட்டறைக்குக் கொண்டுபோனால் ஒருவர் கிராஸ் ஜாயிண்டை மாற்றச் சொல்வார். இன்னொருவர் சென்டர் பேரிங்கை மாற்றச் சொல்வார். மூன்றாமவர் டயரைக் குறை சொல்வார். ஒவ்வொன்றாக மாற்றிப் பணம் கரைகிறது. சத்தம் மட்டும் கரைவதில்லை. காரணம் என்ன? பெரும்பாலான சமயங்களில் எந்தச் சாமானும் கெடவில்லை. கெட்டது கோணம். கோணத்தை அளக்காமல் சாமானை மாற்றினால், புதுச் சாமானும் அதே கோணத்தில் சுழன்று அதே சத்தத்தைத்தான் போடும். நேயர்கள் இன்று மனத்தில் கொள்ள வேண்டிய செய்தி இதுதான்: முதலில் அளவு, பிறகு செலவு.

கோணம் என்றதும் பள்ளிக்கூடத்துக் கணக்கு என்று ஒதுங்கிவிடாதீர்கள். பால்மரம் சீவிய கைகளுக்குக் கோணம் புதிதன்று. ஒட்டுமரத்தில் வெட்டின் சரிவு 30 பாகை, விதைமரத்தில் 25 பாகை என்று வைத்து, தகடு பிடித்துக் கோடு போட்டுத்தானே சீவினோம்? சரிவு குறைந்தால் பால் வெட்டை விட்டு வழிந்து சிந்திவிடும். சரிவு கூடினால் பட்டை வீணாகும். சில பாகை வித்தியாசம் எவ்வளவு நட்டம் தரும் என்பது உங்களுக்குத் தெரியும். வண்டியின் அடியிலும் அதே கதைதான்.

வண்டி எப்படி ஓடுகிறது என்று பார்ப்போம். எஞ்சின் முன்னால் இருக்கிறது. அதன் பின்னே கியர் பெட்டி. பின் அச்சின் நடுவில் உருண்டையாக வீங்கியிருக்கும் பெட்டிக்கு டிபரன்ஷியல் என்று பெயர். கியர் பெட்டியின் சுழற்சியை டிபரன்ஷியலுக்குக் கொண்டுபோகும் நீண்ட இரும்புக் குழாய்தான் ஷாப்ட். டிபரன்ஷியலில் ஷாப்ட் வந்து சேரும் முனையைப் பினியன் மூக்கு என்று சொல்வோம். கியர் பெட்டி சேசிஸோடு இறுகப் பொருந்தியிருக்கிறது. பின் அச்சோ, பட்டை ஸ்பிரிங்கின்மேல் மேலும் கீழும் ஆடுகிறது. அசையாத ஒன்றையும் ஆடுகின்ற ஒன்றையும் இணைக்க வேண்டும். அதுவும் சுழன்றுகொண்டே இணைக்க வேண்டும். அதற்காகத்தான் ஷாப்டின் முனைகளில் கிராஸ் ஜாயிண்ட் இருக்கிறது. சிலுவை வடிவில் ஓர் இரும்பு. அதன் நான்கு முனைகளிலும் ஊசிபோன்ற சிறு உருளைகள் நிறைந்த கிண்ணங்கள். மணிக்கட்டு மடங்குவதுபோல் இது மடங்கிக்கொண்டே சுழலும்.

இந்த அமைப்பு மிகப் பழையது. 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இத்தாலிய அறிஞர் கார்டானோவின் பெயரை இன்றும் ஐரோப்பியர் இதற்குச் சூட்டி, கார்டன் ஷாப்ட் என்கிறார்கள். 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக் இதன் இயக்கத்தை ஆராய்ந்து எழுதினார். மோட்டார் வண்டிக்கு ஏற்ற முறையில் இதைச் செய்து, 1903ஆம் ஆண்டில் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றவர் கிளாரன்ஸ் ஸ்பைசர். அதுவரை பல வண்டிகள் சைக்கிளைப்போல் சங்கிலியால் ஓடின.

கிராஸ் ஜாயிண்டுக்கு ஒரு குணம் உண்டு. நேராக இருக்கும்வரை உள்ளே வரும் சுழற்சியை அப்படியே வெளியே கொடுக்கும். சாய்ந்தால் அப்படிக் கொடுக்காது. ஒரு முழுச் சுற்றில் இருமுறை வேகத்தைக் கூட்டும், இருமுறை குறைக்கும். ஆட்டுக்கல்லில் மாவாட்டுகையில் குழவி ஒரு பக்கம் விரைந்தும் மறுபக்கம் தயங்கியும் போகிறதல்லவா, அதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். சாய்வு 3 பாகையாக இருந்தால் இந்த ஏற்ற இறக்கம் ஆயிரத்தில் ஒன்றரைப் பங்குகூட இல்லை, நமக்குத் தெரியாது. சாய்வு 10 பாகையானால் ஆயிரத்தில் 15 பங்கு. ஏறத்தாழ, சாய்வு இரண்டு மடங்கானால் தொல்லை நான்கு மடங்காகிறது.

இனி வேகத்தைக் கணக்கிடுவோம். வண்டி மணிக்கு 80 கிலோமீட்டர் ஓடுகிறது. பின்சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற ஷாப்ட் சுமார் நான்கு சுற்றுச் சுற்றுகிறது. அப்படியானால் ஷாப்ட் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,500 சுற்றுகிறது. சுற்றுக்கு இருமுறை என்றால் நிமிடத்துக்கு 5,000 துடிப்பு. விநாடிக்கு 80க்கும் மேல். இருக்கைக்கு அடியில் கேட்கும் வண்டு ரீங்காரம் இதுவேதான்.

அப்படியானால் தாழ்த்தாத வண்டி ஏன் ரீங்காரம் செய்வதில்லை? அங்கேயும் ஜாயிண்ட் சாய்ந்துதானே இருக்கிறது? இங்கேதான் வண்டியைச் செய்தவர்களின் சாமர்த்தியம் இருக்கிறது. ஷாப்டின் முன்னால் ஒரு ஜாயிண்ட், பின்னால் ஒரு ஜாயிண்ட். முன்னது வேகத்தைக் கூட்டும் அதே கணத்தில் பின்னது அதே அளவு குறைக்குமாறு வைத்துவிட்டால், இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். அதற்கு இரண்டு நிபந்தனைகள். இரு ஜாயிண்டுகளின் சாய்வும் சமமாக இருக்க வேண்டும். ஷாப்டின் இரு முனைகளிலும் உள்ள கவைகள் ஒரே வரிசையில் நிற்க வேண்டும்.

சாய்வு சமமாக இருப்பதற்கு எளிய வழி, கியர் பெட்டியின் கோடும் பினியனின் கோடும் இணைகோடுகளாக இருப்பது. இரண்டு இணைகோடுகளை ஒரு குறுக்குக்கோடு வெட்டினால் ஒன்றுவிட்ட கோணங்கள் சமம் என்று உங்கள் பிள்ளைகள் பள்ளியில் படிக்கிறார்களே, அந்தப் பாடம்தான் இது. கியர் பெட்டி ஒரு கோடு, பினியன் மற்றொரு கோடு, ஷாப்ட் குறுக்குக்கோடு. இது எதற்கு உதவும் என்று கேட்கும் பையனை வண்டிக்கு அடியில் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள்.

இப்போது வண்டியைத் தாழ்த்துகிறோம். சில வண்டிகளில் பின் அச்சு பட்டை ஸ்பிரிங்குக்கு மேலே அமர்ந்திருக்கும். இடையில் இரும்புக் கட்டை வைத்தால் அச்சு மேலே போகும், வண்டி தாழும். வேறு சில வண்டிகளில் அச்சு ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும். அங்கே அச்சையே கழற்றி ஸ்பிரிங்குக்கு மேலே மாற்றிப் பொருத்துவார்கள். எப்படிச் செய்தாலும் பினியன் மூக்கு மேலே ஏறுகிறது, ஷாப்டின் சாய்வு மாறுகிறது. கட்டை சமதளமாக இருந்தால் பினியனின் கோடு பழையபடி இணையாகவே இருக்கும், தொல்லை குறைவு. ஆனால் ஆப்பு வடிவக் கட்டையை வைத்தாலோ, ஸ்பிரிங்கின் ஒரு முனையை மட்டும் உயர்த்தினாலோ அச்சு சற்றுச் சுழன்று பினியன் மூக்கு நிமிரும் அல்லது குனியும். இணைகோடு கெட்டது, ரீங்காரம் தொடங்கியது.

பிக்கப் வண்டிகளில் பலவற்றில் ஷாப்ட் இரண்டு துண்டாக இருக்கும். நடுவில் சேசிஸில் தொங்கும் சென்டர் பேரிங் அதைத் தாங்கும். இங்கே மூன்று ஜாயிண்டுகள். வண்டி தாழ்ந்தால் முன் துண்டு அசையாது; பின் துண்டு மட்டும் சாய்வு மாறும். ஆகவே நடு ஜாயிண்டிலும் கடைசி ஜாயிண்டிலும் பளு விழும். இணைகோடு கெடாவிட்டாலும் சாய்வு மிகுந்துவிட்டால் பின் துண்டு தானே வேகமும் மெதுவுமாகத் துடித்து, சென்டர் பேரிங்கின் ரப்பரைக் கிழிக்கும். பேரிங்கை மட்டும் மாற்றினால் சில மாதங்களில் அதுவும் கிழியும்.

சத்தத்தைக் கேட்டு நோயை ஓரளவு அறியலாம். கியர் போட்டதும் 'டொக்' என்று ஒரே அடி விழுந்தால் ஜாயிண்டில் ஆட்டம் இருக்கலாம், அல்லது அச்சைப் பிடிக்கும் யூ-போல்ட் தளர்ந்திருக்கலாம். மெதுவாகப் போகையில் 'கிறீச் கிறீச்' என்று தாளம் தப்பாமல் கேட்டால் ஜாயிண்டில் கிரீஸ் இல்லை. சுமையோடு புறப்படும்போது மட்டும் குலுங்கி, வேகம் வந்ததும் அடங்கினால் ஜாயிண்டின் சாய்வு மிகுதி என்று ஐயப்படலாம். சென்டர் பேரிங்கையும் பார்க்க வேண்டும். குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் ரீங்காரம் வந்தால், சாய்வு சமமில்லை அல்லது ஷாப்டின் எடை ஒரு பக்கம் கூடியிருக்கிறது. பள்ளத்தில் இறங்கும்போது மட்டும் 'டமார்' என்றால், அச்சு சேசிஸில் போய் மோதுகிறது.

ஒரு சோதனை இருக்கிறது. ஆள் நடமாட்டம் இல்லாத நேரான சாலையில், அதிர்வு வரும் வேகத்தை அப்படியே வைத்துக்கொண்டு கியரை மட்டும் மாற்றுங்கள். எஞ்சினின் சுற்று மாறும்; வண்டியின் வேகம் மாறாது. அதிர்வும் மாறாமல் இருந்தால் எஞ்சின்மேல் குற்றமில்லை. ஷாப்டையோ சக்கரத்தையோ பார்க்க வேண்டும். சக்கரத்தின் அதிர்வு மெதுவான குலுக்கல். ஷாப்டின் அதிர்வு அதைவிடப் பல மடங்கு விரைவானது. இந்தச் சோதனைக்காக ஓடும் வண்டியில் எஞ்சினை ஒருபோதும் நிறுத்தாதீர்கள். பிரேக்கும் ஸ்டீரிங்கும் கனத்துவிடும்.

அடுத்து அளப்பது. கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டமும், பாகைமானியும், தூக்குக்குண்டு கட்டிய நூலும் போதும். கைப்பேசியில் மட்டம் பார்க்கும் வசதி இருந்தால் அதுவும் உதவும். வண்டி சமதரையில் தன் நான்கு சக்கரங்களின்மேல் நிற்க வேண்டும். ஜேக்கி போட்டு அச்சைத் தொங்கவிட்டு அளந்தால் அளவு பொய்யாகும். ஆகவே குழி உள்ள பட்டறையில் அளப்பது நல்லது. வெறும் வண்டியாக ஒருமுறை, வழக்கமாக ஏற்றும் சுமையோடு ஒருமுறை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். கியர் பெட்டியின் சாய்வு, முன் துண்டின் சாய்வு, பின் துண்டின் சாய்வு, பினியனின் சாய்வு என்று நான்கு எண்கள். அடுத்தடுத்த இரண்டைக் கழித்தால் நடுவில் உள்ள ஜாயிண்டின் சாய்வு கிடைக்கும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். கியர் பெட்டி பின்னோக்கி 3 பாகை சரிந்திருக்கிறது. முன் துண்டு 4, பின் துண்டு 7, பினியன் 4 பாகை. கழித்துப் பாருங்கள். முதல் ஜாயிண்ட் 1, நடு ஜாயிண்ட் 3, கடைசி ஜாயிண்ட் 3. நடுவும் கடைசியும் சமம். வண்டி அமைதியாக ஓடும்.

இந்த வண்டியின் பின்பக்கத்தை 15 செண்டிமீட்டர் தாழ்த்துகிறார்கள். பின் துண்டின் நீளம் 100 செண்டிமீட்டர் என்று கொள்வோம். முன்பு பின்னோக்கிச் சரிந்த அது, இப்போது ஒன்றரைப் பாகை அளவு மேல்நோக்கி ஏறுகிறது. நடு ஜாயிண்டும் கடைசி ஜாயிண்டும் தலைக்கு ஐந்தரைப் பாகை ஆகிவிட்டன. சமம்தான், ஆனாலும் மிகுதி. முன்பு இருந்ததைப்போல் மூன்று மடங்குக்கும் மேல் துடிப்பு.

இதற்குப் பரிகாரம் என்ன? முன் துண்டின் நீளம் 60 செண்டிமீட்டர் என்றால், சென்டர் பேரிங்கின் பிடிமானத்தை 2 செண்டிமீட்டர் மேலே தூக்கினால் முன் துண்டின் சரிவு சுமார் 2 பாகையாகக் குறையும். பின் துண்டும் ஏறத்தாழ மட்டமாகிவிடும். பிறகு ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் இடையே 2 பாகை இரும்பு ஆப்பு ஒன்றை வைத்துப் பினியனையும் 2 பாகைக்குக் கொண்டுவருகிறோம். இப்போது கழித்தால் முதல் ஜாயிண்ட் 1, நடு ஜாயிண்ட் இரண்டரை, கடைசி ஜாயிண்ட் இரண்டரை. ரீங்காரம் அடங்கிவிடும். இதற்கு ஆன சாமான் என்ன? இரண்டு ஆப்பு, சில வாஷர், போல்ட். அவ்வளவே.

மனத்தில் வைக்க வேண்டிய அளவுகள் இவை. ஓடும் வேகத்தில் ஜாயிண்டின் சாய்வு 3 பாகையைத் தாண்டாமல் இருப்பது நல்லது. இணையாக வேலை செய்யும் இரு ஜாயிண்டுகளுக்கும் இடையே வித்தியாசம் 1 பாகைக்குள் இருக்க வேண்டும். அதற்காகச் சாய்வே இல்லாமலும் செய்துவிடக் கூடாது. அரைப் பாகையாவது வேண்டும். இல்லாவிட்டால் கிண்ணத்தினுள் ஊசி உருளைகள் நகராமல் ஒரே இடத்தில் அழுத்திக் குழி விழுந்துவிடும். பட்டை ஸ்பிரிங் வண்டியில் சுமையோடு வேகம் கொடுக்கும்போது பினியன் மூக்கு சற்று நிமிரும். அதனால் அனுபவமுள்ளவர்கள் மூக்கை இணைகோட்டுக்கு 1 பாகை தாழ்த்தியே விடுவதுண்டு.

ஆப்பின் தடித்த பக்கம் முன்னே வர வேண்டுமா, பின்னே வர வேண்டுமா என்பது வண்டிக்கு வண்டி மாறும். பொருத்திய பின் மறுபடியும் அளந்து பார்ப்பதே சரியான விடை. சுமை ஏற்றும் வண்டிக்கு இரும்பு ஆப்பே வேண்டும். மரத்துண்டு ஆகவே ஆகாது. கட்டையின்மேல் கட்டை அடுக்குவதும் கூடாது. பழைய யூ-போல்ட்டைத் திரும்பப் போடாமல் புதியதைப் போட்டு, 100 கிலோமீட்டர் ஓடிய பின் ஒருமுறை முடுக்கிப் பாருங்கள்.

செலவே இல்லாத ஒரு காரணமும் உண்டு. தாழ்த்தும் வேலைக்காக ஷாப்டைக் கழற்றுவார்கள். அதில் ஒன்றினுள் ஒன்று நழுவிப் போய்வரும் பல்குழல் ஒன்று இருக்கும். திரும்பக் கோர்க்கும்போது ஒரு பல் தள்ளிக் கோர்த்துவிட்டால், இரு முனைக் கவைகளும் வரிசை தப்பிவிடும். கோணமெல்லாம் சரியாக இருந்தும் வண்டி அதிரும். கழற்றுவதற்கு முன் வெள்ளைச் சாயத்தால் இரு பக்கமும் ஒரு கோடு போட்டுவிட்டால் இந்தத் தொல்லை வராது. இதே பல்குழல் வண்டி தாழ்ந்ததும் உள்ளே தள்ளப்படுகிறது. முழுவதும் உள்ளே போய் முட்டிவிட்டால், பள்ளத்தில் இறங்கும்போது ஷாப்ட் கியர் பெட்டியையே இடிக்கும். இரண்டு மூன்று செண்டிமீட்டர் இடமாவது மீதம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ரீங்காரத்தை யாரும் சிறிதாக எண்ணிவிட வேண்டாம். நாள்தோறும் துடிக்கும் ஜாயிண்ட் ஒரு நாள் உடையும். முன்பக்க ஜாயிண்ட் உடைந்து ஷாப்டின் முனை சாலையில் விழுந்து குத்தினால், ஓடும் வண்டி என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். ஈப்போவிலிருந்து கோலாகங்சாருக்குப் போகும் நெடுஞ்சாலையில் மெனோரா மலைச் சரிவு எப்படிப்பட்டது என்பது உங்களுக்குத் தெரியும். அங்கே சுமையோடு ஏறும்போதுதான் ஜாயிண்டுக்கு மிகுந்த பளு விழுகிறது.

சத்தம் போடாத ஆபத்து ஒன்றும் இருக்கிறது. பல பிக்கப் வண்டிகளில் பின் அச்சிலிருந்து சேசிஸுக்கு ஒரு சிறு கம்பி போகும். அது பிரேக் எண்ணெயை அளந்துவிடும் ஒரு வால்வோடு இணைந்திருக்கிறது. சுமை ஏற்றினால் சேசிஸ் தாழ்ந்து அச்சை நெருங்கும், கம்பி அசையும், வால்வு பின்சக்கரங்களுக்குப் பிரேக்கை மிகுதியாகக் கொடுக்கும். சுமை இல்லாதபோது குறைத்துக் கொடுக்கும். வண்டியைத் தாழ்த்திவிட்டால், வெறும் வண்டியையும் சுமை வண்டி என்று அந்த வால்வு எண்ணிக்கொள்கிறது. வெறும் வண்டியில் பின்பிரேக் மிகுதியானால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு, ஈரச் சாலையில் வண்டி சுழன்றுவிடும். மழைக்குப் பேர்போன தைப்பிங் பக்கம் ஓட்டுபவர்கள் இதை மறக்கவே கூடாது. தாழ்த்திய வண்டியில் அந்தக் கம்பியின் அளவையும் மாற்றி அமைக்க வேண்டும். பிரேக் குழாயும் கைப்பிரேக் கேபிளும் எங்கும் உரசாமல் இருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் இருக்கிறது. வண்டியின் அமைப்பை மாற்றுவதற்குச் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதி வேண்டும். அச்சு இடிக்கிறது என்பதற்காகச் சேசிஸை வெட்டுவது எளிதில் எடுத்துக்கொள்ளக் கூடிய வேலையன்று. அனுமதியில்லாத மாற்றம் செய்த வண்டி விபத்தில் சிக்கினால் காப்புறுதிப் பணம் பெறுவதிலும் சிக்கல் வரலாம். மாற்றுவதற்கு முன் ஜே.பி.ஜே. அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது ஒரு நாள் வேலை. கேட்காமல் செய்துவிட்டு அலைவது பல மாத வேலை.

தாழ்த்துவதால் வண்டி சுமக்கும் திறனும் குறைகிறது. அச்சுக்கும் சேசிஸுக்கும் இடையே இருந்த இடம்தான் பள்ளம் மேட்டைத் தாங்குகிற இடம். செம்மண் பாதையில் செம்பனை ஏற்றும் வண்டிக்கு அந்த இடம் கட்டாயம் தேவை. ஆகவே பிழைப்புக்கு ஓடும் வண்டி என்றால், கட்டையை எடுத்துவிட்டு வண்டியைப் பழைய உயரத்துக்கே கொண்டுவருவதுதான் மலிவான வைத்தியம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அழகுக்காகத் தாழ்த்தித்தான் ஆக வேண்டும் என்றால் அளவோடு தாழ்த்துங்கள். சிறிதளவு தாழ்த்தினால் ஆப்பு ஒன்றிலேயே சரியாகிவிடுவதுண்டு.

வீட்டில் வண்டிக்கு அடியில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கு ஓர் எச்சரிக்கை. ஜேக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள். இரும்புத் தாங்குகால் வைத்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, வண்டியை ஒருமுறை அசைத்துப் பார்த்த பிறகே உள்ளே போக வேண்டும். செங்கல்லும் சிமெண்டுக் கல்லும் பளுவில் நொறுங்கிவிடும்.

தாய்மார்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். குடும்பத்துப் பணம் பெரும்பாலும் உங்கள் கையால்தான் போகிறது. மகன் பட்டறைச் செலவுக்குப் பணம் கேட்டால், "தம்பி, கோணம் அளந்து பார்த்தாங்களா?" என்று கேளுங்கள். பட்டறைக்குக் கூடப் போனால், "தவுக்கே, சாமான் மாத்துறதுக்கு முன்னால கோணத்தை அளந்து தாளில் எழுதிக் கொடுங்க" என்று மரியாதையாகக் கேளுங்கள். நல்ல தொழிலாளி அதைக் கேட்டு மகிழ்வார். அளக்க மாட்டேன் என்பவரிடம் பணத்தைக் கொடுக்குமுன் ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள்.

வண்டியைத் தாழ்த்துவதில் ஆசை வைத்த பையனுக்கு வண்டியின்மேலேயே ஆசை இருக்கிறது என்று பொருள். அந்த ஆசையைத் திட்டி அடக்காமல் தொழிலாக மாற்றிவிடலாம். வாகனப் பழுதுபார்ப்புக்கு மலேசியத் திறன் சான்றிதழ் இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின்கீழ் அது வழங்கப்படுகிறது. பள்ளியைப் பாதியில் விட்டுப் பட்டறையில் பல ஆண்டுகள் கைவேலை கற்றவர்களும், அந்த அனுபவத்தைச் சான்றுகளோடு காட்டி, முன்பெற்ற திறனுக்கான அங்கீகாரம் என்ற முறையில் இச்சான்றிதழைப் பெற வழி உண்டு. கையில் திறன் இருந்தும் காகிதம் இல்லாமல் குறைந்த கூலிக்கு வேலை செய்யும் பிள்ளைகள் நம்மிடையே பலர். அவர்களுக்கு இந்தச் செய்தியைச் சொல்லுங்கள்.

நேயர்களே, இதுவரை சொன்னவற்றைச் சுருக்கிப் பார்ப்போம். தாழ்த்திய வண்டி அதிர்ந்தால் முதலில் யூ-போல்ட்டையும், கவைகளின் வரிசையையும், சென்டர் பேரிங்கின் ரப்பரையும் பாருங்கள். அடுத்து வண்டியைச் சக்கரத்தின்மேல் நிறுத்தி நான்கு சாய்வுகளையும் அளந்து எழுதுங்கள். கழித்துப் பார்த்து, மிகுதியாக உள்ள இடத்தை ஆப்பாலும் வாஷராலும் திருத்துங்கள். மறுபடி அளந்து பாருங்கள். அதற்கும் மேல் சத்தம் இருந்தால் மட்டுமே சாமானை மாற்றுங்கள். பிரேக் கம்பியை மறவாதீர்கள். இவ்வளவும் செய்ய வேண்டியது ஒரு பிற்பகல் நேரமும், ஒரு பாகைமானியும், கொஞ்சம் பொறுமையும்.